கல்யாணமான புதுசில் ஒரு பாலிசி: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் கொசுவத்தி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் ஜோடி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். தம்பிக்கு எங்க ஊர்ப்பக்கம்தான், தென்காசி. இங்கே மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு மசாலா ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். கல்யாணம் ஆகி 5 மாசம். அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த டீச்சர். தங்கமணி சொதி வைத்திருந்தாள். ரெண்டாவது தடவை சொதி ஊற்றிக்கொண்டே தம்பி கேட்டான்.

"அண்ணாச்சி, நீங்க பேங்க்ல இருக்கீங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் எந்த கம்பெனியில போடலாம்? பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

நான் பேர் சொல்லவில்லை. ஒரு காரணம், பேங்க் அதிகாரியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. பேங்குகளே கவுண்டரில் வைத்து இன்ஷூரன்ஸ் விற்கிறோம், அதற்குக் கமிஷன் உண்டு. இன்னொரு காரணம் கொஞ்சம் பெரியது. பல வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒருவரிடம் பேர் மட்டும் கேட்டு, அவர் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கொசுவத்தியைப் பிறகு சுத்துகிறேன்.

"உங்க கம்பெனியில எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு அண்ணாச்சி. 3 லட்சத்துக்கு குரூப் இன்ஷூரன்ஸ். எனக்கும் இவளுக்கும் சேர்த்து. அதான் இன்னொண்ணு எதுக்குன்னு யோசிக்கிறேன்."

நம்மில் பல பேர் யோசிப்பதும் இதைத்தான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தம்பி தினமும் நடக்கிற தெருவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பஜார் ரோட்டில் நடந்தால் வரிசையாகப் பழைய கிட்டங்கிகள். அவற்றுக்குப் பின்னால் காயல். கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. அன்றைய வேலைக்கு எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை உலோக வில்லைகளைக் கங்காணி கூட்டத்துக்குள் வீசி எறிவான். முண்டியடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்கு இல்லை. காய்ச்சலோடு வந்தவன் எப்படி எடுப்பான்? உடம்பு சரியில்லை என்றால் கூலியும் போச்சு, மருந்துக்குக் காசும் போச்சு. இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்களின் பெயரை இன்றைக்கும் இங்கே நினைவு கூர்கிறார்கள். 2023-ல் வந்த 'துறமுகம்' மலையாளப் படம் இந்தக் கதைதான். பிறகு 1959-ல் கொச்சியில் கப்பல்துறைத் தொழிலாளர்களைப் பதிவேட்டில் எழுதி வேலை கொடுக்கும் திட்டம் வந்தது. பதிவேட்டில் பேர் இருந்தால் பாதுகாப்பு என்றானது.

பேர் ஏதாவது ஒரு வேலையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டின் சரித்திரம் முழுக்க இந்த விஷயம் வந்துகொண்டே இருக்கும், பாருங்கள்.

1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளர்களுக்கானது. 1929-ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் பேலர் மருத்துவமனை ஒரு ஏற்பாடு செய்தது. பள்ளி ஆசிரியர்கள் மாசம் 50 சென்ட் கட்டினால் வருஷத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து கொள்ளலாம். இன்றைய அமெரிக்க ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு அதைத்தான் தொடக்கம் என்று சொல்வார்கள். அதுவும் ஒரு வேலைக்காரக் கூட்டத்துக்குத்தான். (நம்ம தங்கச்சியும் டீச்சர்தான், ஆனால் ஒப்பந்த டீச்சருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

நம் நாட்டில் பேராசிரியர் அடார்கர் 1944-ல் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் 1948-ல் ஈஎஸ்ஐ சட்டம். 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் மாசம் 400 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும். 1954-ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு சிஜிஹெச்எஸ். ஆலையிலும் இல்லை, சர்க்காரிலும் இல்லை என்றால்? சொந்தக் காசு, இல்லாவிட்டால் நகை அடகு. அதுதான் நம் நடுத்தரக் குடும்பங்களின் இன்ஷூரன்ஸ்.

அப்புறம் 1973. நாட்டில் இருந்த 107 பொதுக் காப்பீட்டு கம்பெனிகளைத் தேசியமயமாக்கி நாலு கம்பெனியாகச் சேர்த்தார்கள்: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. இந்த நாலும் சேர்ந்து 1986-ல் கொண்டுவந்ததுதான் 'மெடிக்ளெய்ம்'. யார் வேண்டுமானாலும் சொந்தப் பேரில் வாங்கலாம் என்று பரவலாக வந்த முதல் பாலிசி என்று இதைச் சொல்லலாம்.

இன்றைக்கு நீங்கள் வாங்கும் பாலிசியின் பாதி நிபந்தனைகள் அந்த மெடிக்ளெய்மிலிருந்து வந்தவை. குறைந்தது 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் இத்தனை படுக்கை இருக்க வேண்டும். பாலிசி எடுத்த முதல் 30 நாள் நோய்க்குப் பணம் கிடையாது (விபத்துக்கு உண்டு). ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் கிடையாது. பிரசவத்துக்குக் கிடையாது.

கடைசி விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு அதுதானே மொதல்ல வர்ற செலவு?"

அதனால்தான் கிடையாது. வருமோ வராதோ என்று தெரியாத செலவைப் பலபேர் பகிர்ந்து கொள்வதுதான் இன்ஷூரன்ஸ். பிரசவம் திட்டம் போட்டு வருவது. அதை முதல் நாளிலிருந்தே சேர்த்தால் கர்ப்பம் ஆனபிறகு பாலிசி எடுத்து, குழந்தை பிறந்ததும் விட்டுவிடுவார்கள் என்று கம்பெனிகளுக்குப் பயம். குரூப் பாலிசியில் மட்டும், 9 மாசக் காத்திருப்போடு, கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்த்துக்கொள்ள வழி வைத்தார்கள். திரும்பவும் பாருங்கள், வேலையோடு ஒட்டியது.

1986-ஆம் வருஷ நிதிச் சட்டத்திலேயே மெடிக்ளெய்ம் பிரீமியத்துக்கு வருமான வரிச் சலுகையும் வந்தது. 80டி பிரிவு. இதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. நடுத்தர வர்க்கம் பாலிசி எடுக்க ஆரம்பித்தது நல்லது. மார்ச் 28-ஆம் தேதி ஓடிவந்து, படித்துப் பார்க்காமல், ரசீதுக்காக எடுக்கப் பழகியது கெட்டது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. எனவே வரிக்காக வாங்காதீர்கள்.

இப்போது கொசுவத்தி.

எங்க அப்பா ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனியில் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தது. வேலையை விட்டு வந்த அன்றைக்கே அதுவும் போய்விட்டது. அவருக்கு அப்போது சர்க்கரை வந்து 5 வருஷம் ஆகியிருந்தது. 2006-ல் நான் வேலையில் சேர்ந்த புதுசு. அப்பா, அம்மா பேரில் பாலிசி போடலாம் என்று ஏஜெண்ட் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் படிவத்தைத் தானே நிரப்பினார். 'சர்க்கரை உண்டா?' என்ற இடத்தில், "அதெல்லாம் எழுதினா பாலிசி தர மாட்டான் சார்" என்று சொல்லி 'இல்லை' என்று போட்டார். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்பாவிடம் நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றேன். கடன் விண்ணப்பத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடும் வாடிக்கையாளரை அதட்டுகிற ஆள் நான்!

2008-ல் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். பில் 1,85,000 ரூபாய். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் முதல் வரியே '7 வருஷமாகச் சர்க்கரை நோய்'. டாக்டர் கேட்டார், அப்பா உண்மையைச் சொன்னார். அவர் எதற்கு மறைக்கப்போகிறார்? க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் முறை 1998-லேயே வந்துவிட்டது. காசு கட்டாமல் புகார் கொடுக்கலாம். ஆனால் என்ன என்று புகார் கொடுப்பது? பொய் எங்கள் பக்கம்.

எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது 14 மாசம். தங்கமணி எதுவும் கேட்காமல் 14 பவுனைக் கழற்றிக் கொடுத்தாள். மீதிக்குக் கடன். நகையை மீட்க ரெண்டரை வருஷம் ஆனது. "ஏன் மருமக கழுத்துல சங்கிலியக் காணோம்?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சரி, சரித்திரத்துக்குத் திரும்புவோம்.

1999-ல் ஐஆர்டிஏ சட்டம், 2000-ல் தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி. 2001-ல் டிபிஏ விதிகள். அதற்கு முன்னால் முழுப்பணத்தையும் கட்டிவிட்டு, பில்களைக் கோர்த்து அனுப்பிக் காத்திருக்க வேண்டும். டிபிஏ வந்த பிறகுதான் 'கேஷ்லெஸ்' பரவியது. 2006-ல் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டுமான முதல் கம்பெனி, ஸ்டார் ஹெல்த், சென்னையில் தொடங்கியது. 2010 ஜூலையில் அரசு கம்பெனிகள் டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னையில் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸை நிறுத்திய கதையும் உண்டு. பில் தொகையில் தகராறு. கேஷ்லெஸ் என்பது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம், நாளைக்கே மாறலாம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

2011 அக்டோபரில் வந்ததுதான் எனக்குப் பிடித்த மாற்றம்: போர்ட்டபிலிட்டி. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் நீங்கள் காத்திருந்து முடித்த காலம் வீணாகாது. 2024-ல் இன்னும் சில. ஏற்கனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 4 வருஷம் என்று இருந்தது 3 வருஷம் ஆனது. தொடர்ந்து 5 வருஷம் பாலிசி வைத்திருந்தால், அதன் பிறகு மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நீ அதை மறைத்தாய், இதை மறைத்தாய்' என்று க்ளெய்மை மறுக்க முடியாது (முன்பு 8 வருஷம்). 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை.

இந்த மாற்றங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். எல்லாமே வருஷக் கணக்கு. 3 வருஷம், 5 வருஷம், விடாமல் தொடர்ந்தால். ஹெல்த் இன்ஷூரன்ஸில் பணத்தைக் கொடுத்து நாம் வாங்குவது காலத்தை. அந்தக் காலம் 26 வயதில் சல்லிசு. 46-ல் கேட்டாலும் கிடைக்காமல் போகலாம்.

எங்கள் கதையையே சொல்கிறேன். 2015 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வங்கி ஊழியர்களுக்கு அந்த அக்டோபரிலிருந்து குரூப் மருத்துவக் காப்பீடு வந்தது. அதிகாரிகளுக்கு 4 லட்சம், மற்றவர்களுக்கு 3 லட்சம். வேலையில் இருக்கும்வரை பிரீமியம் வங்கி கட்டும். ஓய்வு பெற்றவர்கள் தொடரலாம், ஆனால் பிரீமியம் அவரவர் கையிலிருந்து என்று வைத்தார்கள். அது வருஷா வருஷம் ஏறியபோது ஓய்வு பெற்ற சீனியர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். 30 வருஷம் பதிவேட்டில் இருந்தவர்களுக்கே இந்த நிலைமை.

தம்பி கேட்டான், "அப்ப குரூப் பாலிசி வேஸ்டா அண்ணாச்சி?"

இல்லவே இல்லை. குரூப் பாலிசியில் பெரும்பாலும் காத்திருப்பு கிடையாது, பல கம்பெனிகளில் பிரசவமும் சேர்ந்திருக்கும். அது இன்றைய தேவைக்கு. ஆனால் வேலை மாறினால் போய்விடும். அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற விதி இருந்தாலும், அவர்கள் பரிசீலித்துத்தான் கொடுப்பார்கள். எனவே இரண்டும் வேண்டும். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதை அப்படியே கீழே தருகிறேன்.

1. சொந்தப் பேரில் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர். 10 லட்சம் பிரீமியம் அதிகம் என்று பட்டால் 5 லட்சம் அடிப்படை பாலிசி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் ஒவ்வொரு ஆஸ்பத்திரி பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருஷத்து மொத்தச் செலவையும் கூட்டிப் பார்க்கும். ரெண்டாவதுதான் நமக்கு.

2. ரூம் வாடகை உச்சவரம்பு இல்லாத பாலிசி. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 லட்சம் பாலிசி, ரூமுக்கு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் 4 நாள் இருந்தீர்கள். ரூம் 24,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் வகையில் 80,000, மருந்து 30,000. மொத்தம் 1,34,000. ரூமில் பாதிதான் அனுமதி என்பதால் டாக்டர் கட்டணமும் பாதியாகக் குறையும். மருந்தில் அப்படிக் குறைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆக 12,000 + 40,000 + 30,000 = 82,000 கிடைக்கும். கைக்காசு 52,000. ரூமுக்கு மட்டும் 12,000 கூடுதல் என்று நினைத்திருப்பீர்கள்.

3. பிரசவத்துக்கென்று அதிகப் பிரீமியம் கட்டுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். உதாரணமாக வருஷம் 8,000 கூடுதல், 3 வருஷம் காத்திருப்பு, கிடைக்கும் தொகை 50,000 என்றால், உங்கள் காசு 24,000 ஏற்கனவே போயிருக்கும். குழந்தை அதற்கு முன்பே வந்தால் ஒன்றும் கிடையாது. கம்பெனி பாலிசியில் பிரசவம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே மாசம் ஒரு ஆர்.டி. போடுங்கள். மட்டாஞ்சேரியிலேயே பெண்கள், குழந்தைகளுக்கான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அதையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பிறந்த குழந்தையை எந்த நாளிலிருந்து பாலிசியில் சேர்க்கலாம் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

4. அப்பா, அம்மாவை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். வீட்டிலேயே மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அவர்களுக்குத் தனி பாலிசி. 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேலும் புது பாலிசி எடுக்கலாம்.

5. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒன்று. ஆஸ்பத்திரிப் பட்டியலில் கொச்சி மட்டும் பார்க்காதீர்கள், தென்காசியும் திருநெல்வேலியும் பாருங்கள். பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குத்தானே போவாள்? தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த ஊர் ரேஷன் அட்டையோடும் வருமானச் சான்றோடும் போகிறது. கேரளத்தின் காருண்யா திட்டம் இங்குள்ள பயனாளி குடும்பங்களுக்கு. ரெண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். நம் கையில் ஒரு பாலிசி இருந்தால்தான் ஆச்சு.

6. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். பாலிசி கைக்கு வந்ததும் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வருஷப் பிரீமியம் தவறினால் 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அந்த நாட்களில் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

இவ்வளவும் பேசி முடிக்கும்போது மணி நாலு. தம்பி போனில் ஒரு விண்ணப்பத்தைத் திறந்து சாப்பாட்டு மேஜையிலேயே நிரப்ப ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தயங்கிக்கொண்டே என்னைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை. தெரிஞ்ச ஏஜெண்ட் ஒருத்தர், அது சின்ன விஷயம், எழுத வேண்டாம்னு சொன்னாரு. எழுதணுமா?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சமையலறையிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது.

"எழுதும்மா. பிரீமியம் கூடினா கூடிட்டுப் போகுது. எழுது."

எழுதினாள். மாத்திரையின் பேர், எத்தனை மில்லி, எந்த வருஷத்திலிருந்து, எல்லாம். பிரீமியம் கூடுமா, 3 வருஷம் காத்திருக்கச் சொல்வார்களா என்று இன்னும் தெரியவில்லை. அப்படியே சொன்னாலும் அவளுக்கு அப்போது 29 வயதுதான் ஆகியிருக்கும்.

டிஸ்கி: எந்த கம்பெனி என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நானும் ஒரு பேங்க் ஆபீசர்தான்!